வீட்டு ரிப்பெயார் வேலைக்கு ரெசிப்ரோகேட்டிங் சோ: எது எடுக்கிறது? (திருகோணமலை)

உவர்மலைக்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். அம்மம்மாட பழைய வீடு ஒண்டு உவர்மலையில ஆறேழு வருஷமா பூட்டிக் கிடந்தது, இனி நான்தான் வந்து இருக்கப்போறன். மேசன் பாஸ் ஒருத்தரை கூட்டிக்கொண்டு வந்து காட்டினன், ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு "இதை இடிச்சிட்டு புதுசா கட்டுறது லேசு தம்பி" எண்டிட்டு தேத்தண்ணியும் குடிக்காம போயிட்டார். இடிக்க எனக்கு மனமும் இல்ல காசும் இல்ல.

வேலை என்னெண்டா, பின் குசினிக் கூரையில பனங்கைமரம் நாலை கறையான் திண்டிட்டுது, அதை கழட்டோணும். பாத்ரூம் கதவு நிலை கீழால ஒரு அடிக்கு உக்கிப் போச்சு. கடல் பக்கத்து யன்னல் ரெண்டிலயும் கம்பி கறள் பிடிச்சு ஊதி ஊதி முதிரை மர நிலையையே வெடிக்க வச்சிருக்கு. சுவரோட ஓடுற பழைய ஜி.ஐ. பைப் (நாகம் பூசின இரும்புப் பைப்) ஒண்டு இருக்கு, அதில தண்ணி வாறேல்ல, அதையும் எடுக்கோணும். அதோட வேப்பங்கொப்பு ஒண்டு காத்தடிச்சா ஓட்டில உரசுது.

கைவாள் இருக்கு, நாலு இஞ்ச் கிரைண்டர் இருக்கு. இந்த ரெசிப்ரோகேட்டிங் சோ எண்டுற கரண்ட் வாள் ஒண்டு இருந்தா இவ்வளவும் அதாலயே முடிக்கலாம் எண்டு வீடியோக்களில காட்டுறாங்கள், உண்மையோ? வயர் உள்ளதோ பட்டரியோ, எத்தனை வாட் வேணும்? டவுனுக்க ரெண்டு மூண்டு ஹாட்வெயார் ஏறி இறங்கினன், ஒரு கடையில ஜிக்சோவை எடுத்துக் காட்டி "நீங்க கேக்கிறது இதுதான்" எண்டு சாதிக்கிறாங்கள்.

ஓடாவி_மகன்:
தம்பி அது ஜிக்சோ இல்ல. ஜிக்சோவில பிளேட் கீழ நோக்கி நிக்கும், பலகையில படம் மாதிரி வளைச்சு வெட்டுற சாமான். நீங்க கேக்கிறதில பிளேட் துவக்கு மாதிரி முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிண்டு முன்னுக்கும் பின்னுக்கும் இடிக்கும். இதை முதல் கொண்டு வந்தது அமெரிக்காவில மில்வாக்கி கொம்பனி, 1951ல, அதுக்கு அவங்கள் வச்ச பேர் சோசோல், அதால கப்பலில வேலை செய்த பழைய ஆக்கள் எந்தக் கொம்பனி மெஷினையும் சோசோல் எண்டுதான் சொல்லுவினம். சில கடையில சேபர் சோ எண்டு கேட்டாத்தான் விளங்கும்.

ஒண்டை முதல்லயே சொல்லிப்போடுறன், இது கழட்டுறதுக்கான சாமான், செய்யிறதுக்கான சாமான் இல்ல. நேர்கோட்டில வடிவா வெட்டு விழும் எண்டு நினைச்சு வாங்கினா ரெண்டாம் நாள் தூக்கி எறிவீங்க. அப்பா ஓடாவி, நாப்பது வருஷம் உளியோட இருந்த மனிசன், நான் இதைக் கொண்டுபோய் காட்ட "நாய் கடிச்ச மாதிரி வெட்டுது" எண்டார். ஆனா பழைய நிலையை சுவரில இருந்து எடுக்கிற நேரம் என்னைத்தான் கூப்பிடுவார், ஏனெண்டா நிலைக்கும் சுவருக்கும் இடையில பிளேட்டை விட்டு ஆணியை அறுத்தா பாரை போட்டு நெம்பத் தேவையில்ல, சாந்து பேராது, நிலை முழுசா கையில வரும். உங்கட லிஸ்டில வேப்பங்கொப்பைத் தவிர மற்ற எல்லாமே கழட்டுற வேலைதான். அதால உங்களுக்கு சரிவரும்.

பாலையூத்துப்_பெடியன்:
கிரைண்டர் இருக்கேக்க இது என்னத்துக்கு அண்ணே? மரம் வெட்டுற டிஸ்க் விக்கிறாங்கள்தானே, பல்லு வச்சது, அதைப் போட்டா கைமரம் என்ன எல்லாம் போகும்.

ஓடாவி_மகன்:
டேய் அதை மட்டும் செய்யாத. கிரைண்டர் நிமிஷத்துக்கு 11000 சுத்து சுத்துது, அதில பல்லு டிஸ்க்கை போட்டு ஆணி இருக்கிற பழைய மரத்தில வச்சா, ஆணியில பல்லு கொளுவின அடுத்த செக்கனே மெஷின் உன்ர கழுத்துக்கு வந்து நிக்கும். பக்கத்து வீட்டு அண்ணைக்கு தொடையில 14 தையல். இரும்புக்கு கிரைண்டர் நல்லது, நான் இல்லை எண்டேல்ல, ஆனா நெருப்புப்பொறி பறக்கும். கறையான் திண்ட காஞ்ச மரத்துக்குப் பக்கத்தில, ஓட்டுக்குக் கீழ, பொறி பறக்கவிடுறது விசர் வேலை.

வன்கூவர்_மருமகன்:
என்ர கதையையும் கேளுங்க. கனடாவில இருந்து மாமா ஒருத்தர் பாசல் போட்டார், புத்தம்புது ரெசிப் சோ, 12 ஆம்ப் எண்டு பெட்டியில பெரிசா போட்டிருந்தது. நான் சந்தோசத்தில அடாப்டர் ஒண்டை கொளுவி பிளக்கில போட்டன். ஒரு கத்து கத்திச்சு பாருங்க, அவ்வளவுதான், பிறகு மணம் மட்டும் வந்தது. அது 120 வோல்ட் மெஷின், எங்கட கரண்ட் 230. மாமாவுக்கு இண்டைக்கும் சொல்லேல்ல, போன் எடுக்கேக்க எல்லாம் "சோ எப்பிடி" எண்டு கேக்கிறார், "அந்த மாதிரி" எண்டிடுவன்.

வயரிங்_தம்பி:
ஹாஹா பாவம் மாமா. அப்பிடி வாற மெஷினை பாவிக்கிறதெண்டா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வேணும், 12 ஆம்பை 120ஆல பெருக்கினா 1440 வாட், அப்ப 2000 வாட் டிரான்ஸ்போமர் எடுக்கோணும், அது கிடக்கிற பாரத்துக்கு தூக்கிக்கொண்டு கூரை ஏறேலாது. அங்க 60 ஹேர்ட்ஸ் இஞ்ச 50 எண்டு சிலபேர் பயப்பிடுவினம், வயர் சோக்களில கிடக்கிறது கார்பன் பிரஷ் வச்ச மோட்டர், அதுக்கு அது பிரச்சினையே இல்ல, வோல்ட்தான் ஆளைக் கொல்லுறது.

வெளிநாட்டில இருந்து ஆரும் அனுப்பப்போறாங்கள் எண்டா பட்டரி மெஷினை கேளுங்க. மெஷினுக்கு எந்த நாட்டு கரண்ட் எண்டு கணக்கில்ல, சார்ஜரை மட்டும் இஞ்ச 230க்கு வாங்கினா சரி. அமெரிக்கா கனடாவில 20 வோல்ட் மேக்ஸ் எண்டு போட்டு விக்கிறதும் மற்ற இடங்களில 18 வோல்ட் எண்டு விக்கிறதும் ஒரே பட்டரிதான், ஃபுல் சார்ஜில அளந்தா 20, சாதாரணமா 18. ஆக்கள் பிளேனில கொண்டு வாறதெண்டா கழட்டின பட்டரியை கைப்பையில போடச் சொல்லுங்க, பெரிய சூட்கேசுக்க விடமாட்டாங்கள்.

இப்ப உவர்மலை அண்ணைக்கு. 18 வோல்ட் 5 ஆம்ப்-அவர் (Ah) பட்டரி எண்டா 90 வாட்-அவர் (Wh). வெட்டேக்க 600 வாட் இழுக்குது எண்டு வைங்கோ, ஒம்பது நிமிஷம். கைமரம் நாலுக்கு அது காணும், ஆனா யன்னல் கம்பி எல்லாம் ஒரே மூச்சில எண்டா ரெண்டு பட்டரி வேணும், அந்த ரெண்டு பட்டரியும் சார்ஜரும்தான் மெஷினை விட விலை. ஏற்கனவே டிரில் ஒண்டு பட்டரியோட வச்சிருக்கிறீங்க எண்டா அதே கொம்பனியில மெஷினை மட்டும் வாங்குங்க, இல்லையெண்டா ஒரு வீட்டு வேலைக்கு வயர்தான் என்ர கட்சி.

1100 வாட் மெஷின் 230ல கிட்டத்தட்ட 5 ஆம்ப் இழுக்கும். அதால பழைய வீட்டு 5 ஆம்ப் ரவுண்ட் பின் சோக்கெட்டில கொளுவாதீங்க, 13 அல்லது 15ல கொளுவுங்க, எக்ஸ்டென்ஷன் வயரும் 1.5 சதுர எம்.எம். ஆவது இருக்கோணும், சுருட்டி வச்சபடி பாவிச்சா சூடாகும், முழுக்க விரிச்சு விடுங்க. முதல் வேலை, ட்ரிப் சுவிட்ச், அதான் கரண்ட் ஒழுகினா தானா விழுற சுவிட்ச், அதில டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்க. ஆறு வருஷம் பூட்டின வீடு எண்டுறீங்க, அது செத்திருக்கவும் கூடும்.

நிலாவெளி_அக்கா:
எல்லாரும் பெரிய மெஷினையே சொல்லுறீங்க. நான் நிலாவெளியில மூண்டு அறை வச்சு விருந்தாளிகளுக்கு விடுறன், ரிப்பெயார் எல்லாம் நானும் மகளும்தான். என்னட்ட 12 வோல்ட் சின்னது இருக்கு, ஒரு கையால பிடிக்கிறது, ஒரு கிலோ சொச்சம்தான் பாரம். பிளேட் ஓடுற தூரம் அதில 14 மில்லிமீட்டர் சொச்சம், பெரியதில 28 வரும், அதால மெல்லமாத்தான் வெட்டும். ஆனா ஏணியில நிண்டு கொப்பு வெட்ட, பி.வி.சி. பைப் வெட்ட, வேலிக்கட்டை வெட்ட அதுக்கு மிஞ்சின சாமான் இல்ல. 2020 டிசம்பர் புரெவி புயல் திரியாய் குச்சவெளிப் பக்கமா கரை ஏறினதே, அடுத்த நாள் பாதைக்கு விழுந்த கொப்பு எல்லாம் இதாலதான் வெட்டி ஒதுக்கினம்.

ஆனா தம்பிட முதிரை நிலைக்கும் கம்பிக்கும் இது ஏலாது, அது உண்மை. இன்னொண்டு, கொப்பு வெட்டுறது வேற, மரம் தறிக்கிறது வேற. வளவுக்க பலா, ஈரப்பலா, பெண் பனை நிண்டா பெர்மிட் இல்லாம கை வைக்காதீங்க, பிரதேச செயலகத்தில எழுதிக் குடுத்து எடுக்கோணும். வேப்பங்கொப்புக்கு அந்தப் பிரச்சினை இல்ல.

உவர்மலைக்காரன்:
நல்லா விளங்குது. அக்கா நன்றி, வேம்பு மட்டும்தான். வயர் உள்ளதே எடுக்கிறன். கடையில இப்ப ரெண்டு பாத்து வச்சிருக்கிறன், மகிட்டா ஜே.ஆர். 3050 டி, 1010 வாட், மற்றது பொஷ் ஜி.எஸ்.ஏ. 1100 ஈ, 1100 வாட். ரெண்டிலயும் ஸ்ட்ரோக், அதான் பிளேட் ஓடுற தூரம், 28 மில்லிமீட்டர், ஒண்டு நிமிஷத்துக்கு 2800 தரம், மற்றது 2700. பேர் கேள்விப்படாத கொம்பனி ஒண்டு பாதி விலைக்கு இருக்கு, வாட் இன்னும் கூட போட்டிருக்கு. எதை எடுக்கிறது?

ஓடாவி_மகன்:
அந்த ரெண்டில கையில பிடிச்சுப் பாத்து எது வசதியோ அதை எடுங்க, வித்தியாசம் ஒண்டும் பெரிசா இல்ல. பாதி விலையானதும் வீட்டு வேலைக்கு கூடாதெண்டு சொல்லமாட்டன், ஆனா கடையில மூண்டு விஷயம் பாருங்க. ட்ரிகரை மெல்ல அமத்தினா மெல்ல ஓடுதோ, இல்லாட்டி அமத்தினதும் முழு வேகத்தில பாயுதோ. இரும்பை மெல்லத்தான் அறுக்கோணும், வேகமா விட்டா பல்லு நீலமாகி செத்துப்போகும். ரெண்டாவது, பிளேட்டை சாவி இல்லாம கையால திருப்பி மாத்தலாமோ. மூண்டாவது, முன்னுக்கு இருக்கிற செருப்பு மாதிரித் தகடு ஆட்டம் இல்லாம நிக்குதோ. வாட் எண்டு பெட்டியில போடுறது ஆரும் எதுவும் போடலாம்.

ஆனா மெஷினை விடுங்க. காசை பிளேட்டில போடுங்க. பாதி விலை மெஷினில நல்ல பிளேட் போட்டா வேலை நடக்கும், நல்ல மெஷினில பெட்டியோட வாற ஓசிப் பிளேட்டை போட்டு முதிரையில வச்சா அரை இஞ்ச் போகமுதல் புகைதான் வரும். பிளேட்டிட அடிப்பக்கம் எல்லாக் கொம்பனிக்கும் ஒரே மாதிரித்தான், அதால மகிட்டாவில பொஷ் பிளேட் போடலாம், பயமில்ல.

பல்லுக் கணக்கு ஒரு இஞ்ச்சுக்கு எத்தனை எண்டு பிளேட்டிலயே அடிச்சிருக்கும். பச்சைக் கொப்புக்கு 5, 6 பல்லு, நீளமானது, பொஷ்ல எஸ் 1531 எல் எண்டு கேளுங்க. ஆணி இருக்கிற பழைய மரத்துக்கு 10 பல்லு பைமெட்டல், எஸ் 922 எச்.எஃப். பைமெட்டல் எண்டா பல்லு ஒரு இரும்பு முதுகு ஒரு இரும்பு, பல்லு வலுவா இருக்கும் முதுகு வளைஞ்சு குடுக்கும், உடையாது. யன்னல் கம்பி அரை இஞ்ச் கம்பிதானே, 14 பல்லு. ஜி.ஐ. பைப்புக்கு 18. தகரம் மாதிரி மெல்லிசுக்கு 24. அப்பா சொல்லித்தந்த கணக்கு, எந்த நேரமும் மூண்டு பல்லாவது இரும்புக்கு மேல நிக்கோணும். அதுக்குக் குறைஞ்சா பல்லு கொளுவி முறியும்.

பனையைப் பற்றி தனியா சொல்லோணும். மற்ற மரத்துக்கு வைரம் உள்ளுக்க, பனைக்கு வைரம் வெளியில, உள்ளுக்க சோத்தி. கறையான் சோத்தியைத்தான் தின்னும், வெளியில கறுத்த நார் இரும்பு மாதிரி அப்பிடியே நிக்கும். அதில சின்னப் பல்லுப் பிளேட்டை போட்டா நார் பல்லுக்க அடைச்சு வெறுமனே உரசிக்கொண்டு நிக்கும், சூடுதான் ஏறும். ஆணி இல்லாத இடமாப் பாத்து 6 பல்லு போடுங்க, கறுத்தப் பக்கத்தில மெல்லத் தொடங்கி நார் அறுந்தபிறகு வேகத்தைக் கூட்டுங்க.

ஆர்பிடல் எண்டு, பிளேட்டை கொஞ்சம் வளைச்சு ஓட்டுற சுவிட்ச் ஒண்டு இருந்தா மரத்துக்கு போடுங்க இரும்புக்கு நிப்பாட்டுங்க. அந்தச் செருப்புத் தகட்டை வேலையில நல்லா அமத்தி வச்சுக்கொண்டுதான் ட்ரிகரை அமத்தோணும், இடைவெளி விட்டா பிளேட் வெட்டாது, மெஷினும் கைமரமும் நீங்களும் சேர்ந்து ஆடுவீங்க. நான் முதல் நாள் பாவிச்சிட்டு ராவு சோத்துக்கோப்பை பிடிக்கேலாம கை நடுங்கினது.

கிண்ணியா_நானா:
ஓடாவி மகன் சொல்றது எல்லாம் சரி. நான் ரெண்டு சேதி சொல்றன். வெட்டுற சாமானுக்குப் பின்னால என்ன இரிக்கிண்டு பாக்காம வெட்டாதீங்க. நான் என்ட வீட்டு யன்னல் கிறில் எடுக்கக்குள்ள ஒம்பது இஞ்ச் பிளேட் போட்டன், அதுட முனை பின்னுக்கு இரிந்த கொங்கிரீட்ல இடிச்சி மெஷின் என்னையே பின்னுக்கு தள்ளிட்டு, பிளேட் வெத்தில மாதிரி சுருண்டுட்டு. அத கல்லு மேல வச்சி சுத்தியலால தட்டி நிமித்தி திரும்ப பாவிச்சன், அது வேற விசயம். பிறகு பாத்ரூம் சுவருக்குள்ள ஓடின பி.வி.சி. லைனயும் சேத்து அறுத்துட்டன். ராவு ஒம்பது மணி, மெயின் வால்வு எங்க இரிக்கிண்டு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியா. முதல்ல வால்வ தேடி வைங்க, சுவர் கிட்ட வேலை எண்டா மெயின் சுவிட்சயும் விழுத்திட்டு அடுத்த வீட்டுல இரிந்து வயர் இழுத்து வேல செய்ங்க.

ரெண்டாவது நம்மட உப்புக்காத்து. வேல முடிஞ்சதும் பிளேட்ட கழட்டாம ஒரு மாசம் மூலையில போட்டன், பிளேட் பூட்டுற வளையம் கறள் பிடிச்சி இறுகிட்டு. பிளேட்ட கழட்டி, சைக்கிள் பம்பால தூசிய ஊதி, தையல் மெசின் எண்ண ரெண்டு சொட்டு விட்டு வைங்க. தேங்காண்ண விடாதீங்க, அது பிசினாகிடும்.

பாலையூத்துப்_பெடியன்:
அஸ்பெஸ்டாஸ் சீட் வெட்டலாமோ இதால? குசினிக்குப் பக்கத்தில எங்களுக்கு ரெண்டு சீட் குறைக்கோணும்.

வயரிங்_தம்பி:
வேண்டாம். அந்தத் தூசி நெஞ்சுக்க போனா திரும்பி வராது, புற்றுநோய் வரைக்கும் போகும். மெஷின் எதாலயும் வெட்டாதீங்க, கிரைண்டராலயும்தான். சீட்டை வெட்டாம, தண்ணி தெளிச்சு நனைச்சு ஆணியை கழட்டி முழு சீட்டா இறக்குங்க, இறக்கேக்க உடையாம பாருங்க. குறைக்கிறதுக்குப் பதிலா அந்த ரெண்டு இடத்துக்கும் தகரம் போடுறது புத்தி.

உவர்மலைக்காரன்:
மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன், சொன்னா சொன்னபடி அப்டேட்.

மெஷின் பாதி விலையானதைத்தான் எடுத்தன், மிஞ்சின காசுக்கு பிளேட் ஒம்பது. ட்ரிகர் மெல்ல ஓடுது, பூட்டு கையால திருப்புறது, தகடு மட்டும் கொஞ்சம் ஆடுது, வாஷர் ஒண்டு வச்சு இறுக்கினன். ட்ரிப் சுவிட்ச் வயரிங் தம்பி சொன்ன மாதிரியே செத்துப்போய்த்தான் கிடந்தது, அதை முதல் மாத்தினன்.

பனங்கைமரம் முதலாவது எனக்கு பெரிய பாடம். கறுத்தப் பக்கத்தில தொடங்கச் சொன்னதை மறந்து போய் கறையான் திண்ட பக்கத்தால விட்டன், பிளேட் வெண்ணைக்க போற மாதிரி போய் நார்ப்பக்கம் வந்ததும் அப்பிடியே நிண்டுது. எடுத்துப் பாத்தா பல்லுக்க தும்பு மாதிரி நார், தென்னந்தும்பு திரிச்ச மாதிரி சுத்தியிருந்தது. மற்ற மூண்டும் ஓடாவி மகன் சொன்ன மாதிரி, ஒண்டுக்கு நாலு நிமிஷம் வராது. உள்ளுக்க கறையான் புத்து மண் மட்டும் ஒரு வாளி கொட்டிச்சு.

யன்னல் கம்பிதான் கஷ்டம். கறள் ஊதினதால கம்பி எங்க முடியுது நிலை எங்க தொடங்குது எண்டே தெரியேல்ல. 14 பல்லு, மெல்லமா, ஒவ்வொரு கம்பிக்கும் மேலயும் கீழயும் ரெண்டு வெட்டு. நடுவில தண்ணி தொட்டு தொட்டு வெட்டினன், பல்லு நல்லா நிண்டுது, ரெண்டு யன்னலுக்கும் மூண்டு பிளேட்தான். முதிரை நிலை ஒண்டு தப்பிட்டுது, மற்றதை வெடிச்ச இடத்தில ஓடாவி ஒருத்தர் துண்டு போட்டு ஒட்டித் தந்தார். கதவு நிலை அடியையும் நானே வெட்டினன், அதைப் பாத்திட்டு அவர் ஒண்டும் சொல்லேல்ல, வாளை எடுத்து திரும்ப நேரா வெட்டினார்.

ஜி.ஐ. பைப்பை வெட்டேக்க உள்ளுக்க நிண்ட ஆறு வருஷத்துத் தண்ணி, தேத்தண்ணி நிறத்தில, என்ர முகத்துக்கு.

ஓடாவி_மகன்:
ஹாஹா. அவர் பேசாம வெட்டினது மரியாதை தம்பி, அப்பாவெண்டா பேசியிருப்பார். வேப்பங்கொப்பு என்னாச்சு?

உவர்மலைக்காரன்:
அது அம்மா விடேல்ல. காத்து வருதாம், வெட்ட வேண்டாமாம். கூரை ஓடுகளைத்தான் ரெண்டு வரிசை தள்ளிப் போட்டிருக்கு.

வன்கூவர்_மருமகன்:
அண்ணே, மாமா வாற மாசம் ஊருக்கு வாறார். பாசலில அனுப்பின மெஷினை வேலை செய்யிற மாதிரி காட்டோணும். உங்கட மெஷினை ரெண்டு நாளைக்கு தரேலுமோ? நிறம் கிட்டத்தட்ட ஒண்டுதான், ஸ்டிக்கரை மட்டும் உரிச்சா தெரியாது.

உவர்மலைக்காரன்:
மெஷின் தாறன், ஸ்டிக்கரையும் உரி. பிளேட் நீதான் வாங்கிக்கொண்டு வரோணும்.